காப்பிக்கடைச் சுவரில் சில படங்கள்

"பீபரிதானே உசத்தி?"

மதுரையில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அப்பா கல்லாவில் இருந்தவரை இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்: "குடிச்சுப் பாருங்க, பிடிச்சா உசத்தி." பதில் சரிதான். ஆனால் பீபரி என்றால் என்ன என்று கேட்டவருக்குத் தெரியாமலேயே போய்விடும். கடை என் பொறுப்புக்கு வந்ததும் கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுவரில் ஒரு படத்தை மாட்டினேன். காப்பிப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டும் படம்.

மேலே சிவந்த தோல். அதற்கு அடியில் வழுவழுப்பான சதை. அடுத்து, காய்ந்தால் மொடமொடவென்று ஆகும் ஓர் ஓடு. பார்ச்மென்ட் என்று தோட்டத்தில் சொல்வது இதைத்தான். அதற்கும் உள்ளே வெள்ளிநிறத்தில் மெல்லிய சவ்வு. நடுவில் தட்டையான முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு இரண்டு கொட்டைகள். பக்கத்தில் இன்னொரு பழத்தின் வெட்டுமுகம். அதில் இரண்டுக்குப் பதில் உருண்டையாக ஒரே கொட்டை. அதுதான் பீபரி. இரண்டு வித்துகளில் ஒன்று வளராமல் போகும்போது மற்றது முழு இடத்தையும் எடுத்துக்கொண்டு உருண்டுவிடுகிறது. ஒரே மரத்தில், ஒரே கிளையில் இரண்டு விதமும் காய்க்கும்.

படத்தைப் பார்த்தவர்கள் அடுத்த கேள்வியைத் தாங்களே கேட்கிறார்கள். "அப்போ அது தனி ஜாதி இல்லையாம்மா?" இல்லை. எண்ணிக்கையில் குறைவாகக் கிடைப்பதாலும் உருண்டையாக இருப்பதால் வறுக்கும் டிரம்மில் உருண்டு சீராக வறுபடுவதாலும் அதற்குத் தனி மரியாதை. நல்ல தோட்டத்துப் பீபரி நன்றாக இருக்கும். சுமாரான தோட்டத்துப் பீபரி சுமாராகத்தான் இருக்கும்.

இந்த ஒரு படம் போதும், மூட்டைகளில் எழுதியிருக்கும் பெயர்களில் பாதி விளங்கிவிடும். பழம் ஈரமாக இருக்கும்போதே தோலையும் சதையையும் நீக்கிக் கழுவி, ஓட்டோடு காயவைத்தால், அராபிகா வகைக் காப்பியில் அதற்குப் 'பிளான்டேஷன்' என்று பெயர். ரோபஸ்டா வகையில் 'ரோபஸ்டா பார்ச்மென்ட்'. பழத்தை அப்படியே முழுசாகக் காயவைத்து, பிறகு குத்தி எடுத்தால் இரண்டிலுமே 'செர்ரி'. எந்த அடுக்கு எப்போது கழற்றப்பட்டது என்பதுதான் வித்தியாசம். நாக்கில் அது தெரியும்: கழுவிய கொட்டையில் புளிப்பும் மணமும் துலக்கமாக இருக்கும், பழத்தோடு காய்ந்ததில் கனமும் மண்வாசமும் கூடுதல்.

அடுத்தது சல்லடைப் படம். ஏ, ஏபி, பி, சி என்று நாம் கேட்டு வாங்கும் தரங்கள் முதன்மையாகக் கொட்டையின் அளவைக் குறிப்பவை. சல்லடையின் எண் ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிச் சொல்லும் கணக்கு. 17ஆம் எண் சல்லடை என்றால் துளை 64இல் 17 பங்கு, ஏறக்குறைய 6.75 மில்லிமீட்டர். அதில் விழாமல் மேலே நிற்பவை பெரிய கொட்டைகள். இதை எதற்கு இவ்வளவு பாடுபட்டுப் பிரிக்க வேண்டும்? பெரியதும் சிறியதும் கலந்து டிரம்மில் போனால் சிறியவை முதலில் கருகிவிடும், பெரியவை உள்ளே வேகாமல் நிற்கும். அளவு ஒன்றாக இருந்தால் வறுவலும் ஒன்றாக வரும். 'பிளான்டேஷன் ஏ' என்று மட்டும் கேட்பவர்களிடம் எந்த மலை, எந்த வருஷத்து அறுவடை என்றும் கேளுங்கள் என்று சொல்கிறேன். அந்தத் தகவல் சல்லடையில் இல்லை.

வறுவலுக்கு அச்சடித்த படத்தை நான் நம்புவதில்லை. உலகம் முழுக்க இதற்கு ஆக்ட்ரான் என்றொரு அளவுகோல் உண்டு. 95இல் தொடங்கி 25 வரை இறங்கும் எட்டு பழுப்பு வட்டுகள், எண் குறையக் குறைய வறுவல் கருமை. வட்டுகள் நல்லவை. ஆனால் அவற்றை நகலெடுத்து யாராவது அச்சிட்டால் மை மாறும், பழுப்பும் மாறும். டியூப்லைட்டின் கீழ் ஒரு நிறம், வாசல் வெயிலில் ஒரு நிறம். அதனால் நாங்கள் கண்ணாடிக் குப்பிகளை வரிசையாக வைத்திருக்கிறோம். பச்சைக்கொட்டை, வைக்கோல் நிறம், லவங்கப்பட்டை நிறம், முதல் பொரிச்சத்தம் கேட்கும் கட்டம், அதற்கு மேல் ஒவ்வொன்றாக, எண்ணெய் கசிந்து மின்னும் கறுப்பு வரை. முதல் பொரிச்சத்தம் 196 டிகிரி செல்சியஸ் வாக்கில் வரும், இரண்டாவது 224 வாக்கில். குப்பிகளுக்கு அடியில் இரண்டு கோடுகள் வரைந்திருக்கிறேன்: புளிப்புக் கோடு இடமிருந்து வலம் இறங்குகிறது, கசப்புக் கோடு ஏறுகிறது. நம் ஊர் பில்டர் காப்பிக்கு ஏற்றது அவை இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று வலப்பக்கம். பாலும் சர்க்கரையும் சேரும்போது அந்தக் கசப்பு தேவைப்படுகிறது.

எல்லாப் படங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது சுவைச்சக்கரம். வட்டமாக, வானவில் நிறங்களில், கடைக்கு வரும் குழந்தைகள்கூட முதலில் நிமிர்ந்து பார்ப்பது அதைத்தான்.

அமெரிக்க ஸ்பெஷாலிட்டி காப்பி சங்கம் 1995இல் முதல் சக்கரத்தை வெளியிட்டது. இப்போது எங்கும் காணப்படுவது 2016இல் முழுதாக மாற்றி வரைந்தது. அதற்கு அடிப்படை, வேர்ல்ட் காஃபி ரிசர்ச் என்ற ஆராய்ச்சி அமைப்பு உருவாக்கிய சுவைச்சொல் அகராதி. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுவைத்துப் பார்ப்பதையே தொழிலாகக் கற்றவர்கள் உட்கார்ந்து, காப்பியில் வரக்கூடிய ஒவ்வொரு மணத்துக்கும் சுவைக்கும் ஒரு பெயரும், அதற்கு ஒரு மாதிரிப் பொருளும், எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். 'புளூபெரி' என்று எழுதினால் எந்த புளூபெரி என்பது வரை குறிப்பு உண்டு. அதனால் ஆளுக்கு ஆள் வேறு அர்த்தம் கொள்ள வழியில்லை. பிறகு எந்தச் சுவைக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்பதைக் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆட்களைக் கொண்டு வகைப்படுத்தி, புள்ளிவிவரக் கணக்கில் தீர்மானித்தார்கள். சக்கரத்தில் சில கட்டங்கள் ஒட்டி இருக்கும், சிலவற்றுக்கு நடுவே இடைவெளி இருக்கும். ஒட்டியிருந்தால் நெருங்கிய சொந்தம், இடைவெளி அகலமானால் தூரத்துச் சொந்தம். இது தெரியாமல் பலரும் அந்த இடைவெளிகளை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

படிக்கும் முறை நடுவிலிருந்து விளிம்புக்கு. நடுவில் ஒன்பது பெரிய குடும்பங்கள்: பழம், பூ, இனிப்பு, கொட்டைப்பருப்பும் கொக்கோவும், மசாலா, வறுத்த வாசனை, பச்சை வாசனை, புளிப்பும் நொதிப்பும், கடைசியில் இவை எதிலும் சேராதவை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு படி வெளியே வந்தால் கேள்வி கூர்மையாகும். இன்னொரு படி வந்தால் பெயரே கிடைத்துவிடும்.

ஒரு நாள் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார். கீழ்ப்பழனி மலையிலிருந்து வந்த கொட்டையைச் சிக்கரி இல்லாமல் கொஞ்சம் இளம்வறுவலாக வாங்கிப் போயிருந்தார்.

"ஏம்மா, தூள் புளிக்குதே. பழசா?"

"பழசு இல்ல சார். புளிப்புன்னா எந்தப் புளிப்பு? இதுல பாருங்க."

கடையிலேயே ஒரு கப் பாலில்லாமல் போட்டுக் கொடுத்துச் சக்கரத்தின் முன் நிறுத்தினேன். புளிப்பில் குறைந்தது மூன்று வழி உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி இருந்தால் பழக் குடும்பம். உயரமான இடத்தில் மெதுவாகப் பழுத்த அராபிகாவின் இயல்பு அது. காடி மாதிரி மூக்கைத் துளைத்தால் நொதிப்புக் குடும்பம்; பழம் பறித்த பிறகு தொட்டியில் அதிக நேரம் கிடந்திருக்கலாம். பிஞ்சுக்காய் கடித்ததுபோல் நாக்கு இழுத்தால் பச்சைக் குடும்பம். பழுக்காத காய் கலந்திருக்கலாம், அல்லது வறுவல் உள்ளே எட்டாமல் போயிருக்கலாம். முதலாவது நல்ல காப்பி. மற்ற இரண்டும் கோளாறு. "புளிக்குது" என்ற ஒரே வார்த்தையில் மூன்றும் அடங்கிவிடுவதால்தான் நல்ல காப்பியும் திரும்பி வருகிறது.

அவர் இன்னொரு வாய் குடித்தார். காடி இல்லை என்றார். காய்ப்புளிப்பும் இல்லை என்றார். ஆறட்டும் என்று காத்திருந்து மறுபடி குடித்துவிட்டு, "நார்த்தங்காய்" என்றார்.

சக்கரத்தில் நார்த்தங்காய் கிடையாது. கிரேப்ஃபுரூட், ஆரஞ்சு, எலுமிச்சை, லைம் என்று நான்குதான் அந்தப் பக்கம். ஆனால் அவர் சொன்னது துல்லியம்: எலுமிச்சையின் கூர்மையோடு தோலின் மெல்லிய கசப்பும் அந்தக் கப்பில் இருந்தது. பேனாவை எடுத்து விளிம்புக்கு வெளியே 'நார்த்தை' என்று எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த விளிம்பு நிரம்பத் தொடங்கியது. மல்லிகை, மாதுளை, தேங்காய், கிராம்பு, தேன், உலர்திராட்சை எல்லாம் சக்கரத்திலேயே இருக்கின்றன. நமக்கு அதில் சிரமமில்லை. மேப்பிள் பாகும் ராஸ்பெரியும் ருசித்தறியாதவர்கள் இங்கே அதிகம். அதே சமயம் கருப்பட்டி, நாவல்பழம், நெல்லி, புளி, ஏலக்காய், பலாச்சுளை எதுவும் அதில் இல்லை. கருப்பட்டியை மொலாசஸ் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாவலை பிளாக்பெரிக்கு அருகில் என்று முதலில் யோசித்தாலும், தொண்டையைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்புக்காகச் சற்றுத் தள்ளி. அகராதி செய்தவர்களின் முறையையே பின்பற்றி, கல்லாவின் மேல் சின்ன டப்பாக்களில் மாதிரிகளும் வைத்திருக்கிறோம். கருப்பட்டித் துண்டு, கிராம்பு, புளி, வறுத்த நிலக்கடலை, உலர்திராட்சை, பழைய அட்டைப்பெட்டியின் ஒரு கிழிசல். அட்டை எதற்கு என்று கேட்பார்கள். தூள் பழசானால் அந்த வாசனை வரும். சக்கரத்திலும் அதற்கு ஒரு கட்டம் உண்டு. ஒரு தடவை முகர்ந்தவர் பழைய தூளை எங்கே குடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு சக்கரத்தை உருவாக்கியவர்கள் எந்த ஊரில் என்ன சாப்பிட்டு வளர்ந்தார்களோ அது அதில் இருக்கும். குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சுவரில் மாட்டுகிறவர் விளிம்பில் எழுத ஒரு பேனாவையும் தொங்கவிட வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு படம், பார்க்க அவ்வளவு அழகில்லாதது, கட்டம் போட்ட தாளில் சாய்கோடுகள் ஓடும் வரைபடம். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்து மிரள்கிறார்கள். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான்.

1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய வேதியியலாளர் எர்னஸ்ட் எர்ல் லாக்ஹார்ட் வரைந்தது அது. இரண்டே கேள்விகள். தூளில் எவ்வளவு பங்கு தண்ணீரில் இறங்கியது? கப்பில் இருப்பதில் எவ்வளவு பங்கு காப்பி? முதலாவது கிடைக்கோட்டில், இரண்டாவது நெடுங்கோட்டில். வறுத்த கொட்டையில் ஏறக்குறைய 30 சதவீதம்தான் தண்ணீரில் கரையக்கூடியது, மற்றதெல்லாம் சக்கை. தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் இறங்கி, கப்பில் 1.15 முதல் 1.35 சதவீதம் காப்பிச் சத்து இருந்தால் நடுவில் உள்ள சின்னப் பெட்டிக்குள் விழும். அதுதான் நல்ல காப்பி என்று குறிக்கப்பட்ட இடம். பெட்டிக்கு இடப்பக்கம் போனால் சத்து முழுசாக இறங்காத புளிப்பு, வலப்பக்கம் போனால் அளவுக்கு மீறி இறங்கிய கசப்பு. மேலே போனால் திக்கு, கீழே போனால் தண்ணீர்.

காப்பி 'ஸ்ட்ராங்'காக இருக்கிறது என்று சொல்லும்போது திக்கையும் கசப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்தப் படத்தில் அவை இரண்டும் வேறு வேறு திசைகள். இரண்டாம் டிகாஷனுக்கு இதில் விடை இருக்கிறது. முதல் டிகாஷன் இறங்கிய பிறகு அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் சக்கையில் தங்கியிருந்த கொஞ்சம் நல்ல சாறும், அதோடு மெதுவாகக் கரையும் கசப்பும் வருகின்றன. அந்த டிகாஷன் நீர்க்க இருந்துகொண்டே கசக்கிறது. வரைபடத்தில் கீழ் வலது மூலை.

ஆனால் லாக்ஹார்ட்டின் பெட்டி பாலில்லாத, சிக்கரியில்லாத, பெரிய கோப்பையில் குடிக்கும் அமெரிக்கக் காப்பிக்கானது. நம் பில்டர் அதில் எங்கே நிற்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பில்டரில் 30 கிராம் தூள், 150 மில்லி வெந்நீர். தூள் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஆக 60 போனால் கீழே இறங்குவது சுமார் 90 மில்லி. தூளில் 20 சதவீதம் டிகாஷனில் இறங்கியது என்று வைத்துக்கொண்டால் அதில் 6 கிராம் காப்பிச் சத்து. 90இல் 6 என்றால் 6.7 சதவீதம். பெட்டியின் உச்சி 1.35. வரைபடத் தாளைத் தாண்டிச் சுவரில் ஏறி, கூரைப் பக்கம் போய்விடுகிறது நம் கள்ளிச்சொட்டு டிகாஷன்.

இப்போது அதில் 30 மில்லி எடுத்து 120 மில்லி பால் சேருங்கள். 30 மில்லியில் 2 கிராம் சத்து. மொத்தம் 150 மில்லி. 1.33 சதவீதம். டம்ளருக்கு வரும்போது நேராகப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது! இந்தக் கணக்கு முதலில் கூடிவந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அளவுக்கரண்டி பிடிக்காமல் கைப்பழக்கத்திலேயே நம் வீட்டுப் பெண்கள் பிடித்து வைத்திருந்த விகிதம் அது.

சிக்கரி வந்தால் இந்தக் கணக்கு உடையும். சிக்கரி என்பது காசினிக் குடும்பத்துச் செடியின் வேர்; குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. வறுத்தால் அதன் இனுலின் என்ற நார்ச்சத்து கருஞ்சர்க்கரையாகி நிறமும் திக்கும் கொடுக்கும். காபீன் கிடையாது. காப்பியைவிட மிக அதிகமான பங்கு தண்ணீரில் கரையும். அதனால் 20 சதவீதம் சிக்கரி கலந்த தூளில் டிகாஷன் திக்காக வந்தால் அது எல்லாம் காப்பியின் திக்கு என்று சொல்ல முடியாது. சத்தை அளக்கும் கருவிக்கும் எது காப்பி, எது சிக்கரி என்று பிரிக்கத் தெரியாது. கரைந்திருப்பது எவ்வளவு என்று மட்டும்தான் காட்டும்.

ஆகவே அந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் நாங்களே ஒன்று வரைந்து வைத்திருக்கிறோம். ஒரு நீளப் பட்டை. இடக்கோடியில் காப்பி 100, அங்கிருந்து 90:10, 80:20, 70:30, 60:40. காப்பி 51 சதவீதத்தில் ஒரு சிவப்புக் கோடு. காப்பி-சிக்கரி கலவையில் காப்பி அதற்குக் கீழே போகக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டம். பாக்கெட்டில் இரண்டின் சதவீதமும் அச்சிட்டிருக்க வேண்டும். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தாலும் தேடிப் படியுங்கள். பட்டையின் ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கலவையில் போட்ட டிகாஷன் உலர்ந்த கறை ஒன்று, வெள்ளைத் துணியில், ஒட்டப்பட்டிருக்கிறது. இடமிருந்து வலமாகக் கறை செம்பழுப்பிலிருந்து கரும்பழுப்புக்குப் போவதைப் பார்க்கலாம். நிறம் கருத்தால் காப்பி கூடுதல் என்று நம்பியிருந்தவர்கள் இந்தத் துணியின் முன் சற்று நேரம் நிற்கிறார்கள். எனக்குச் சிக்கரி மேல் விரோதம் கிடையாது. 80:20 எனக்கே பிடிக்கும். ஆனால் எவ்வளவு என்று தெரிந்து குடிக்க வேண்டும்.

லாக்ஹார்ட்டின் பெட்டியையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் அண்மை ஆண்டுகளில் அதை மறுபடி சோதித்தார்கள். பாலில்லாத காப்பியைப் பல திக்குகளில் போட்டுப் பொதுமக்களுக்குக் கொடுத்தபோது குடித்தவர்களின் விருப்பம் இரண்டு கூட்டமாகப் பிரிந்தது. ஒரு கூட்டத்துக்குப் பிடித்தது இன்னொரு கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. ஒரே வீட்டில் மாமனாருக்கு ஒரு டிகாஷனும் மருமகளுக்கு ஒரு டிகாஷனும் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

கப்புச்சினோ, லாட்டே, மக்கியாட்டோ என்று கோப்பையை நெடுக்காக வெட்டி அடுக்கு அடுக்காக நிறம் தீட்டிய படங்களைப் பெரிய காப்பிக்கடைகளில் பார்த்திருப்பீர்கள். மெனு அட்டையைப் புரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான். அந்த அளவுகள் கடைக்குக் கடை மாறும்.

லாக்ஹார்ட்டின் வரைபடம் போல் ஒன்றை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடக் கிராஃப் நோட்டு போதும். தூளும் பாலும் சிக்கரியும் மாறாமல், ஊற்றும் வெந்நீரை மட்டும் நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, பிடித்ததா இல்லையா என்று ஒரு புள்ளி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. இன்னும் ஆர்வம் இருந்தால், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன மின்னணுத் தராசு ஒன்று வாங்குங்கள். எடைபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் 10 கிராம் டிகாஷனை ஊற்றி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, கருகாமல் முழுக்க உலரவிட்டு மறுபடி எடை போட்டால் கரைந்திருந்த சத்தின் எடை கையில் கிடைக்கும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கிண்ணத்தின் அடியை நன்றாகத் துடைத்துவிட்டு எடை போடுங்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கணக்கு தப்பும். 60:40 தூளுக்கும் சிக்கரி கலக்காத தூளுக்கும் இதைச் செய்து பார்த்த ஒரு கல்லூரி மாணவி தன் தாளை எங்களிடம் கொண்டுவந்து காட்டினாள். இன்னும் பலர் கொண்டுவர வேண்டும். வெவ்வேறு பில்டர், வெவ்வேறு தண்ணீர், வெவ்வேறு கலவை. அவற்றைச் சேர்த்துத்தான் பில்டர் காப்பிக்கென்று ஒரு முழு வரைபடம் போட நினைக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் கடையில் கூட்டம் குறைவு, உட்கார்ந்து பேசலாம்.